வைட்டமின் டப்பா

ஹம்ரியாவில், மலை முட்டி நிற்கும் கடைசித் தெருவில்
பதினோரு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன்.
இருமலுக்கு வருகிறவர்கள் உரக்க வருவார்கள்.
சர்க்கரைக்கு வருகிறவர்கள்
தம் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள்,
பரீட்சை மார்க் மாதிரி.

இன்னொரு வகை உண்டு.
கடை காலியாகும்வரை பற்பசை அலமாரி முன் நின்று
ஒரே டப்பாவை ஏழு முறை படிப்பவர்கள்.
நாலாய் மடித்த சீட்டை மடித்தபடியே நீட்டுவார்கள்.
"லேபிளை உரிச்சிருங்க அக்கா.
இந்த வைட்டமின் டப்பாவுல போட்டுத் தாங்க."

போட்டுக் கொடுத்திருக்கிறேன்.
எத்தனை என்று கேட்காதீர்கள்.

ராபியத்தின் கணவர் நூகு நல்ல மனிதர்.
வாதி கபீரில் உதிரி பாகக் கடை.
பிள்ளைகளின் ஷூவுக்குத் தானே பாலிஷ் போடுவார்.
"ஏசி இருக்கு, கார் இருக்கு,
கரீஃபுக்குச் சலாலா கூட்டிட்டுப் போறேன்,
இவளுக்கு என்னம்மா குறை?"
என்னைத்தான் கேட்டார்.
நான் இருமல் மருந்தின் விலையைச் சொன்னேன்.

அந்த நாவல் எங்கிருந்து வந்தது என்று
ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
திருச்சி விமானத்தில், இருக்கைப் பையில் கிடந்தது
என்கிறாள் எழிலரசி.
மேலட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கமும் இல்லை.
எழுதியவள் பெயர் தெரியாததால்
பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்த பெண்களுக்கு
அவள் வெறும் 'அவ'.
"அவ எழுதிருக்கா பாருடி."

மஞ்சள் கறையோடு என் கைக்கும் வந்தது.
மூன்று வாரம் தலைவாராத ஒருத்தி.
ஏழாவது மாடி.
பயந்து பயந்து பக்கம் திருப்பினேன்.
இப்படிப்பட்டவளுக்குக் கதைகளில்
கிணறு வெட்டி வைத்திருப்பார்கள்,
இல்லையென்றால் கணவன் திருந்தி ஒருமுறை அணைப்பான்,
நோய் ஓடிப்போகும்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
அவள் டாக்டரிடம் போகிறாள்.
மாத்திரை போடுகிறாள்.
நேற்றைய சாம்பாரைச் சூடு பண்ணுகிறாள்.
வாய் உலர்கிறது. நாட்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை.
அந்த ஒன்றும் நடக்காததை
அவ பதினாறு பக்கம் எழுதியிருக்கிறாள்.
பிறகு ஒரு நாள் லூலுவில்
வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறாள்.

அவ்வளவுதான்.
குணமாகிறாள் என்பதற்கு வேறு சாட்சி வைக்கவில்லை.

அன்றிரவு என் இழுப்பறையைத் திறந்தேன்.
என்னுடையதும் வைட்டமின் டப்பாதான்.

பேருந்து நிறுத்தத்தில் சண்டை நடந்தது.
"கதையில வர்றவளுக்குக் கொழுப்பு," என்றாள் சுகந்தி.
"கொழுப்புக்கு வேற மாத்திரைடி,
ராத்திரி ஒண்ணு போடணும்,"
என்றாளாம் ராபியத்.
அவள் சிரித்து யாரும் அதுவரை பார்த்ததில்லை.

எல்லோருக்கும் அப்படி இல்லை.
ஒருத்தியை மந்திரிக்க ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.
ஒரு வீட்டிலிருந்து திரும்பிய புத்தகத்தில்
நூற்றுப் பன்னிரண்டைக் காணோம்.
அவன் கிழித்தானா, அவள் எடுத்து வைத்துக்கொண்டாளா.
அவளாக இருக்கட்டும்.
இப்போது அந்தப் பக்கத்தை வாயால்தான் சொல்கிறார்கள்.
ஒருத்தி சாம்பாரை வத்தக்குழம்பாக்கிவிட்டாள்.
இன்னொருத்தி டாக்டருக்கு மூக்குத்தி போட்டுவிட்டாள்.

போன வியாழன், சம்பள நாள் கூட்டம்.
நூகு வந்தார். சீட்டை விரித்து வைத்தார்.
மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டி,
தப்பாக, சத்தமாகப் படித்தார்.
"ராபியத்துக்கு."

லேபிளின் ஓரத்தில் நகத்தை வைத்தேன், பழக்கம்.

"அதை ஏம்மா உரிக்கிறீங்க?
எத்தனை வேளைன்னு அதுலதான போட்டிருக்கு."

புத்தகத்தைப் படித்தாரா, நான் கேட்கவில்லை.
பின்னால் நாலு பேர்
இருமிக்கொண்டு நின்றார்கள்.